உன் சம்பளத்தை நூறால் பெருக்கியவர்கள்

கலை,

இது மன்னிப்புக் கேட்கும் கடிதம் இல்லை. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடைசி வரை அதைத் தேடிக்கொண்டே படிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "அன்னிக்கு நீ கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாம்மா" என்றாய். குக்கரை இறக்க வேண்டும் என்று சொல்லி நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. பேசினால் கத்திவிடுவேன், கத்தினால் நீ அழுவாய், அழுத முகத்தோடு டூட்டிக்குப் போவாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவில்லை. முடித்ததும் நம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். பெற்ற மகளின் கல்யாணத்தை வாயாலேயே கெடுத்தவள் என்று என்னைச் சொல்கிறவர்கள் அத்தனை பேரும் அதில்தான் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். நீ ஜெர்மனிக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் நான் பதில் பேசாமல் இருந்ததை, தப்பை ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை அதே வீட்டில் அதே நாற்காலியில் உட்கார வைத்தாலும் அப்படியேதான் எழுந்திருப்பேன்.

உனக்கு வேலை உறுதியான நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன், அப்போதுதான் மற்றவர்களுக்கும் விளங்கும். ஆவடியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடித்து, ரயிலேறி அம்பத்தூர் போய் ஜெர்மன் வகுப்பில் உட்கார்ந்து, திரும்பத் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருவாய். வழியெல்லாம் அந்த மொழியை முணுமுணுத்துக்கொண்டே வருவதைப் பார்த்துவிட்டு ஸ்டேஷன் வாசல் பழக்கடைக்காரம்மா என்னிடமே கேட்டாள், "உம் பொண்ணுக்கு இன்னாமே ஆச்சு, தானா பேசிக்கினு போவுது?" என்று. இரண்டு வருஷம் அப்படிப் படித்தாய். அன்றைக்கு வேலை ஒப்பந்தம் உன் மெயிலுக்கு வந்திருந்தது. அப்பா ஏசி ரிப்பேர் வேலை முடித்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். "எவ்ளோ சம்பளம் போட்டுக்கீறான்?" என்று அவர் கேட்டதும் நீ ஹாட்பாக்ஸைத் திறந்து, நான் அவித்து வைத்திருந்த இட்லிகளைப் பெரிய தட்டில் கொட்டினாய்.

"நைனா, ஒரு இட்லி நூறு யூரோன்னு வெச்சுக்கோ. மாசத்துக்கு மொத்தம் இருபத்து மூணு. பேப்பர்ல போட்டுக்கீறது இதான். அங்க போய் ஒரு பரீட்சை எழுதணும். அதுல பாஸ் பண்ணாத்தான் முழு நர்சு, இருபத்தெட்டு இட்லி. அதுவரைக்கும் ஹெல்பர் சம்பளம்தான்."

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தாய். இது வரி. இது பென்ஷனுக்கு. இது மருத்துவக் காப்பீட்டுக்கு. இந்தத் துண்டு, வேலை போனால் கொடுப்பதற்கு. இந்தத் துண்டு, வயசாகிப் படுத்தால் பார்த்துக்கொள்வதற்கு. ஏழு இட்லி போல ஓரத்துக்குப் போய்விட்டது. "இதெல்லாம் சம்பளம் நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடியே புடிச்சுருவாங்க" என்றாய். மீதியிலிருந்து வாடகைக்கும், குளிருக்கு அறையைச் சூடாக்குவதற்கும் ஐந்தரை. சாப்பாட்டுக்கு மூன்று. ரயில் பாஸ், போன், வீட்டில் டிவியே இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய டிவி கட்டணம், சோப்பு, சீப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரை. தட்டின் நடுவில் ஆறு இட்லி நின்றது. அப்பா வரி இட்லியில் ஒன்றை எடுத்து, சட்னியில் புரட்டி வாயில் போட்டுக்கொண்டு, "இன்னாம்மா இது, அந்த ஊரு கவர்மெண்டு நம்ம ஊட்டு இட்லியக்கூட உடாதா?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நீ பயப்படவும் இல்லை, பெருமையடிக்கவும் இல்லை. "மொத வருஷம் இந்த ஆறும் நிக்காது நைனா. வாடகைக்கு அட்வான்ஸ் குடுக்கணும், குளிர் கோட்டு வாங்கணும், பூட்ஸு வாங்கணும், பரீட்சைக்கு ஃபீஸு கட்டணும். ஆனா பொழச்சுக்கலாம்" என்றாய். கனவு காண்கிறவள் பேச்சு இல்லை அது. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் உன்னை அனுப்பலாம் என்று நான் முடிவெடுத்தேன். பேப்பரில் இருந்த தொகையைப் பார்த்து இல்லை.

சிரித்து முடித்ததும் அப்பா சாப்பாட்டை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். ஏன் என்று உனக்குத் தெரியாது. அவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த காலத்தில் நீ கைக்குழந்தை. திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். உனக்கு ஞாபகமிருப்பது அவர் கொண்டுவந்த பால் பவுடர் டப்பாவும், கண்ணை மூடித் திறக்கும் பொம்மையும்தான். போகும்போது ஏஜென்ட் ஒரு சம்பளத்தைச் சொன்னான். முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் உன் பெரியப்பா அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்தார். பார்த்த கையோடு தன் வீட்டுக்கு மாடி எழுப்பக் கொத்தனாரைப் பேசிவிட்டார். அங்கே போனபின் தங்குகிற அறைக்கு, சாப்பாட்டுக்கு, அந்த நாட்டில் இருப்பதற்கான அட்டைக்கு என்று கம்பெனி பிடித்தது போக அப்பாவின் கைக்கு வந்தது சொன்னதில் பாதிகூட இல்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் நம்பமாட்டார், ஒளித்து வைக்கிறான் என்பார் என்ற பயம். மாடி முடிகிற வரை கேட்டதை அனுப்பிக்கொண்டே இருந்தார். போனில் என்னிடம் இன்றைக்கு பிரியாணி சாப்பிட்டேன் என்பார், நானும் நம்பினேன்.

வயிற்றுப்புண்ணோடு வந்து அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் உண்மையைச் சொன்னார். பெரும்பாலான நாள் காய்ந்த ரொட்டியும் வெங்காயமும் தயிரும்தானாம். "எவ்ளோ அனுப்பற, எவ்ளோ அனுப்பறன்னு எல்லாரும் கேட்டாங்க. நான் இன்னா துன்றேன்னு ஒருத்தரும் கேக்கல" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம்கூட இல்லை. எனக்கு இருந்தது. இன்னும் இருக்கிறது. அந்த மாடியில் இப்போது ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. பெரியப்பாவும் இந்தக் குழுவில் இருக்கிறார். வணக்கம் மாமா, நீங்களும் படியுங்கள்.

இனி தினேஷ் விஷயம். தினேஷ் கெட்டவன் இல்லை. அதை இன்றைக்கும் சொல்வேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர், நான் துணி செக்கிங் பார்க்கிற எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி. தெரிந்தவர்கள் மூலமாக வந்த சம்பந்தம்தான் என்றாலும், நீங்கள் இரண்டு பேரும் பேசிப் பிடித்துப்போய்த்தான் மேற்கொண்டு நடந்தது. உன் வகுப்பு முடிகிற வரை அம்பத்தூர் ஸ்டேஷனில் காத்திருந்து உன்னை ரயிலேற்றிவிட்டுப் போவான் என்பதும் எனக்குத் தெரியும். நீ கிளம்பும் முன் நிச்சயதார்த்தம், ஒரு வருஷம் கழித்துக் கல்யாணம், அதற்குள் அவனும் மொழி படித்து அங்கேயே வேலை தேடிக்கொள்வது என்று பேச்சு. நிச்சயத்துக்கு நாள் குறிக்க நாம் மூன்று பேரும் பழம், பூ, வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு திருவேற்காட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். நீ அந்த மாம்பழ மஞ்சள் புடவை கட்டியிருந்தாய். கேசரியும் போண்டாவும் கொடுத்தார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். தினேஷின் தாய்மாமன் தன் போனைக் கையில் எடுக்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"ரெண்டாயிரத்து எண்ணூறு யூரோ, இன்ட்டு நூறு ரூபா. ரெண்டு லட்சத்து எம்பதாயிரம்! சம்மந்தி, உங்க பொண்ணு மாசம் மூணு லட்சம் வாங்கப்போவுது. இத்த தெரிஞ்சுகினு நான் சும்மா குந்திக்கினு இருப்பனா? இதோ பாருங்க" என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வழுவழுப்பான தாளில் அச்சடித்த படத்தை அப்பாவிடம் நீட்டினார். திருவேற்காட்டிலேயே, மொட்டைமாடியில் நீச்சல்குளம் வைத்த வீடு. அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதாம். மாதத் தவணை ஒரு லட்சத்துச் சொச்சம். நிச்சயம் முடிந்த கையோடு கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டால் கடனில் உன் பெயரையும் சேர்த்துவிடலாமாம். உன் வேலை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதுமாம். தவணையை நீ அங்கிருந்து அனுப்பிவிடுவாயாம். உன்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ அந்த அறையில்தான், அவர்களுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாய்.

நீ பொறுமையாகத்தான் சொன்னாய். "மாமா, ரெண்டாயிரத்து எண்ணூறு, வரியெல்லாம் புடிக்கறதுக்கு முன்னாடி கணக்கு. அதுவும் நான் பரீட்சை பாஸ் பண்ண பின்னாடிதான். இப்ப என் கைக்கு வரப்போறது ஆயிரத்து அறுநூறு. வாடகை, சாப்பாடு, பாஸ் எல்லாம் போனா அறுநூறு நிக்கும். மொத வருஷம் அதுவும் நிக்காது. நான் எப்டி மாசம் ஆயிரம் யூரோ அனுப்ப முடியும்?"

"இன்னாம்மா, கதை உட்ற? சம்பளத்துல பாதியவா கவர்மெண்டு புடுங்கிக்கும்? என் ஃப்ரெண்டு பையன் அங்கதான் கீறான். மாசம் ரெண்டு லட்சம் அனுப்பறான், தெரியுமா?"

"அவரு இன்னா வேலை பாக்கறாரு மாமா?" என்று நீ கேட்டாய். தினேஷின் அம்மா பக்கத்திலிருந்தவளிடம், என் காதில் விழ வேண்டும் என்றே, "ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே சம்பளத்த மறைக்குது பாரு" என்றாள். நீ திரும்பி தினேஷைப் பார்த்தாய். அவனிடம் நீ எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தாய். எவ்வளவு பிடிப்பார்கள், எவ்வளவு மிஞ்சும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆமாம், அவ சொல்றது சரிதான் என்று அவன் சொல்லியிருந்தால் போதும். நான் அந்த நிமிஷம் வரைக்கும் அவன் சொல்வான் என்றுதான் காத்திருந்தேன். அவன் காபி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, "கொஞ்ச நாள்தான கலை. ஒரே ரூம்ல நாலு பேரா தங்கிக்க. டபுள் டூட்டி பாரு. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றான்.

அப்பா அந்த வீட்டுப் படத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அவ இன்னா சாப்புடுவா?"

"இன்னா சம்மந்தி, ஜெர்மனில சோத்துக்கா பஞ்சம்?" என்று மாமன் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்பா அந்தச் சிரிப்பு அடங்குகிற வரை அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் எப்படி ஆனது என்று நீ பார்க்கவில்லை, நீ தலையைக் குனிந்திருந்தாய். நான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவரின் முகம் அது. எழுந்துவிட்டேன்.

நான் என்ன சொன்னேன் என்று ஊரில் பல விதமாகச் சொல்கிறார்கள். காறித் துப்பினேன் என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். சொன்னது இதுதான்: "அண்ணாத்தே, பொண்ணு சம்பாத்தியத்த நம்பி ஊடு வாங்கறது தப்பில்ல. பொண்ணு பேச்ச நம்பாம வாங்கினீங்க பாருங்க, அதான் தப்பு. அவ சம்பளம் வேணும், அவ சொல்ற கணக்கு வேணாமா? இந்தச் சம்பந்தம் எங்களுக்கு சரிப்படாது." அவ்வளவுதான். நாம் கொண்டுபோன தட்டை நானே எடுத்துக்கொண்டேன். தினேஷின் அம்மா, "பூ வெச்சு கொண்டாந்த தட்ட திருப்பி எடுத்துகினு போறாளே, இவள்லாம் ஒரு பொம்பளையா?" என்று கத்தினாள். ஆமாம், எடுத்துக்கொண்டுதான் வந்தேன். என் மகளை வைத்துவிட்டு வருவதைவிடத் தட்டை எடுத்துக்கொண்டு வருவது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஆட்டோவில் நீ அழுதுகொண்டே வந்தாய். தட்டிலிருந்த ஆரஞ்சுப் பழங்கள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உருண்டு கீழே விழ, அப்பா குனிந்து குனிந்து பொறுக்கினார். "நானே பேசி சரி பண்ணியிருப்பேன். ஏம்மா இப்டிப் பண்ண?" என்றாய். அதன் பிறகு பல நாள் நீ என்னிடம் சரியாகப் பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தால் சாப்பிடுவாய், கேட்டால் பதில் சொல்வாய், அவ்வளவுதான். உனக்கு அவனைப் பிடித்திருந்தது, எனக்குத் தெரியும். உன் மனம் எவ்வளவு உடைந்தது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்: நீ பேசிச் சரி பண்ணியிருக்க மாட்டாய், கலை. கையெழுத்துப் போட்டிருப்பாய். அப்பாவின் ரத்தம் உனக்கு. ஒத்துக்கொண்டுவிட்டோமே என்று பட்டினி கிடந்து தவணை கட்டியிருப்பாய், போனில் பிரியாணி சாப்பிட்டேன் என்று என்னிடம் சொல்லியிருப்பாய்.

அதற்கப்புறம் நான் செய்ததும் நம் ஆட்களுக்குப் பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது. உன் முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும், அதற்குள் வாடகை அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். என் பி.எஃப். பணத்தில் ஒன்றரை லட்சம் எடுத்தேன். ஆபீஸில் எதற்கு என்று கேட்டார்கள். "பொண்ணு ஃபாரின் போறா, செலவுக்கு" என்றேன். "ஃபாரின் போற பொண்ணுக்கு இங்கேர்ந்து பணமா? உலகத்துல எங்கியும் இல்லாத கூத்தா கீதே!" என்று செக்கிங் டேபிள் முழுக்கச் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். பணம் அங்கேயிருந்து இங்கேதான் வர வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? புது ஊரில் கால் ஊன்றுகிற வரை பெற்றவர்கள்தான் தாங்க வேண்டும். நீயும் வேண்டாம் என்றுதான் சொன்னாய். ஏர்போர்ட்டில் கடைசி நிமிஷம் வரை "எனக்கு எதுக்கும்மா இது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

எதற்கு என்று முதல் சம்பளத்தன்றைக்குத் தெரிந்தது. நீ அவ்வளவு கவனமாகப் போட்ட கணக்கே தவறிப்போனது. ஆயிரத்து அறுநூறு யூரோ வர வேண்டிய இடத்தில் ஆயிரத்து முந்நூறு சொச்சம்தான் வந்தது. உன் வரி எண் இன்னும் தபாலில் வரவில்லை என்பதால், இருப்பதிலேயே அதிகமான வரியைப் பிடித்திருந்தார்கள். எண் வந்ததும் பிறகு சரி செய்து திருப்பித் தருவார்கள் என்று அங்கிருந்த ஒரு மலையாளி நர்ஸ் சொன்னாள், அப்படியே தந்தும்விட்டார்கள். ஆனால் அந்த மாதம் அந்த மாதம்தானே? வீட்டுக்காரர் மூன்று மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார். காலில் போட்டிருந்த செருப்போடு மழையும் பனியுமாகக் கிடந்த ரோட்டில் நடந்து டூட்டிக்குப் போயிருக்கிறாய். வீடியோவில் நீ அழுதபோது நானும் அழுதேன் என்று நினைத்தாய். இல்லை. அந்த மாதம் திருவேற்காட்டு வீட்டுக்கு ஒரு லட்சம் அனுப்ப வேண்டியிருந்தால் நீ எங்கே போயிருப்பாய் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, நீ குடுத்த பணத்துலதான் பூட்ஸு வாங்கப்போறேன்" என்றாய். அப்போது உன் குரலில் இருந்தது நன்றியா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருந்தாலும் பரவாயில்லை, கால் நனையாமல் இருந்தால் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூறால் பெருக்குகிற வியாதி அவர்களுக்கு மட்டும் இல்லை, உனக்கும் பிடித்திருந்தது. தக்காளி கிலோ முந்நூறு ரூபாய் என்று சொல்லி வாங்காமல் வந்தாய். ஒரு நாள் டூட்டி முடித்து வரும் வழியில் சூடாக ஏதோ விற்றார்கள், நானூறு ரூபாய் ஆகும் என்று வாசனை மட்டும் பிடித்துவிட்டு வந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்பாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சம்பாதிப்பதைப் பெருக்கிப் பார்த்தால் தலை வீங்கிப்போகும். செலவைப் பெருக்கிப் பார்த்தால் வயிறு காய்ந்துபோகும். நீ யூரோவில் சம்பாதிக்கிறாய், யூரோவில் சாப்பிடு. அங்கே கையில் வருவதில் அங்கே வாழ எவ்வளவு ஆகும் என்று மட்டும் பார். சாப்பாடு, தூக்கம், நல்ல செருப்பு, நோய் வந்தால் லீவு, மாதத்தில் ஒரு நாளாவது எங்கேயாவது போய் வருவது எல்லாமே வாழ்வதற்கான செலவுதான், ஆடம்பரம் இல்லை. அதெல்லாம் போக மிஞ்சினால்தான் அது மிச்சம். அதையும் உன் பெயரில் வை.

போன வாரம் பரீட்சையில் தேறிவிட்டதாகச் சொன்னாய். அப்பா தெருவில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார். ஏசி ரிப்பேருக்குப் போன வீட்டிலெல்லாம்கூடக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து முழு சம்பளம் என்றாய். சொன்ன மூச்சிலேயே, "இனிமே மாசம் எவ்ளோ அனுப்பட்டும்மா?" என்றும் கேட்டாய். அனுப்பாதே. நான் வீம்புக்குச் சொல்லவில்லை. எனக்குச் சம்பளம் வருகிறது, அப்பாவுக்கு இந்த வெயிலில் வேலைக்குக் குறைவே இல்லை. எங்களுக்கு முடியாமல் போகிற காலம் வந்தால் நானே வாய்விட்டுக் கேட்பேன். கேட்பதற்கு எனக்கு வெட்கம் இல்லை என்று உனக்குத் தெரியும். இப்போது நீ செய்ய வேண்டியது, தரையில் விரித்துப் படுக்கிற அந்த மெத்தைக்கு ஒரு கட்டில் வாங்குவது. வாங்கிவிட்டு போட்டோ அனுப்பு. கட்டில் இல்லாத போட்டோவைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இந்த ஒரு பத்தியை மட்டும் குழுவில் போடமாட்டேன். தினேஷ் உனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறான் என்று அப்பாவிடம் சொன்னாயாம். அந்த வீட்டு அட்வான்ஸ் போய்விட்டது, மாமன் பேச்சைக் கேட்டது தப்பு, மன்னித்துவிடு என்றானாம். நீ பதில் போடலாமா கூடாதா என்று தெரியாமல்தான் போனில் என்மேல் பாய்ந்தாய், இல்லையா? பதில் போட வேண்டும் என்று தோன்றினால் போடு. வேண்டாம் என்றால் விடு. அது உன் வாழ்க்கை. உன் மனசுக்குள் வந்து தட்டை எடுக்கிற உரிமை எனக்கு இல்லை. ஆனால் என் பக்கம் ஒன்று உண்டு. திரும்பவும் இந்தப் பேச்சு எழுமானால், அவன் தனியாக, மாமன் இல்லாமல், நம் வீட்டுக்கு வர வேண்டும். உன் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் டீ போட்டுத் தருவேன், குறுக்கே பேசமாட்டேன். அதற்குமேல் இறங்கிவரச் சொல்லாதே.

நேற்று பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சொந்தக்காரர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பொண்ணு மாசம் எவ்ளோ அனுப்புது?" என்றார். "ஒண்ணும் அனுப்பல" என்றேன். "அப்ப எதுக்கு அம்மாந்தூரம் அனுப்பினீங்க?" என்றார். "வேலை பாக்க அனுப்பினோம். பாக்கறா. நல்லா கீறா. இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தச் சொல்லுங்க" என்றேன். அப்பா இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். கை கழுவுகிற இடத்தில் சுகன்யா என்று ஒரு பெண் என் பின்னாலேயே வந்து நின்றாள். என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் மகள், நர்சிங் முடித்தவள். முகம் வெளிறிப்போய் இருந்தது. "அத்தே, எனக்கும் அந்த நாட்டுலேர்ந்தே வேலை வந்துக்கீது. நைனா அதுக்குள்ள மனை வாங்க ஆளப் பாத்துக்கினு கீறாரு. அவ்ளோ வராதுன்னு நான் சொன்னா நம்பவே மாட்றாரு. அக்காவ ஒரு தபா அவர்கிட்ட பேசச் சொல்றீங்களா?" என்றாள்.

உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் கொடுத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடுவாள். சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள். மேலே கொட்டையாகப் போட்டிருக்கும் தொகையை விட்டுவிடு, அடியில் இருக்கிற தொகையிலிருந்து ஆரம்பி. அந்த முதல் மாதத்தையும் சொல், பனியில் செருப்போடு நடந்ததையும் சொல். பரீட்சையில் தேறியதையும் மறக்காமல் சொல், அவள் பயந்துபோய் நின்றுவிடக் கூடாது. அவள் அப்பா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பார், நடுவில் அதட்டுவார். நீ நிறுத்தாதே, குரலைத் தாழ்த்தாதே. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா